கிராக்கோவ், பிராக், புடாபெஸ்ட்: ஒரே ஒரு நகரம்தான் என்றால்

ஐரோப்பாவுக்கு இரண்டாவது முறையாகப் புறப்படுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். லண்டன், பாரிஸ், சுவிட்சர்லாந்து என்ற வழக்கமான சுற்று முடிந்துவிட்டது. இந்த முறை பஸ்ஸில் நாடு நாடாக ஓட வேண்டாம். பழமை மாறாத ஓர் ஊரில் ஒரு வாரம் தங்கி நிதானமாகப் பார்க்க வேண்டும். எந்த ஊர்? பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் மூன்று பெயர்களில் வந்து நிற்கும். செக் குடியரசின் தலைநகர் பிராக், ஹங்கேரியின் தலைநகர் புடாபெஸ்ட், போலந்தின் பழைய தலைநகர் கிராக்கோவ்.

மூன்றையும் எடைபோடுவது எளிதல்ல. வெளிப்பார்வைக்கு மூன்றும் ஒரே குடும்பம். ஊருக்கு நடுவே ஆறு, ஆற்றங்கரை மேட்டில் அரண்மனை, கல் பாவிய தெருக்கள், யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம். மூன்று நாடுகளும் ஒரே விசாவில் போகக்கூடிய ஷெங்கன் எல்லைக்குள் இருக்கின்றன, மூன்றிலும் யூரோ நாணயம் இல்லை. சென்னையிலிருந்து எதற்கும் நேரடி விமானம் கிடையாது; வளைகுடா நகரம் ஒன்றிலோ ஜெர்மனியிலோ இறங்கி ஏறத்தான் வேண்டும். ஆகவே தூரமும் விசாவும் இந்த முடிவை எடுத்துத் தரப்போவதில்லை.

என் பதில் கிராக்கோவ். மற்ற இரண்டையும் எனக்குப் பிடிக்கும். பிராக் மூன்றிலும் அழகான ஊர் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் வரலாற்றுக்காக ஒரு நகரத்துக்குப் போகிறோம் என்றால், அங்கே பார்க்கும் ஒவ்வொன்றும் அடுத்ததோடு சேர்ந்து ஒரே கதையாக வேண்டும். இந்தக் கோட்டைக்கு யார் பணம் கொடுத்தார்கள், அந்தப் பணம் எங்கிருந்து வந்தது, கட்டியவர்களின் வாரிசுகளுக்கு என்ன ஆயிற்று என்று நடந்துகொண்டே கேட்டு, நடந்துகொண்டே விடை கண்டுபிடிக்க முடிய வேண்டும். அது கிராக்கோவில்தான் முடிகிறது.

பிராக்: அழகும் நெரிசலும்

பிராக்கை இன்றைய பிராக்காக ஆக்கியவர், பொஹீமியா என்ற அன்றைய செக் அரசின் மன்னர் நான்காம் சார்லஸ். 1348-இல் பல்கலைக்கழகம், அதே ஆண்டில் சுவருக்கு வெளியே ஒரு புதிய நகரம், 1357-இல் வல்தாவா ஆற்றின் குறுக்கே கற்பாலம். அரைக் கிலோமீட்டருக்குச் சற்றே கூடுதலான நீளமுள்ள அந்தப் பாலத்தின் இரு பக்கமும் புனிதர்களின் சிலைகள் நிற்கின்றன. பாலத்துக்கு அப்பால் மேட்டில் கோட்டை, கோட்டைக்குள் புனித விடுஸ் பேராலயம். 1344-இல் தொடங்கிய அதன் கட்டுமானம் 1929-இல்தான் முடிந்தது. மேற்குப் பக்கம் கோதிக் என்ற இடைக்காலப் பாணியின் பழைய வேலையல்ல, 19-ஆம் நூற்றாண்டில் தொடர்ந்து கட்டியது என்று யாராவது சொன்னால்தான் தெரியும். அந்த அளவுக்கு ஒட்டிப்போயிருக்கிறது.

பழைய நகரச் சதுக்கத்தில் எல்லோரும் அண்ணாந்து 1410-ஆம் ஆண்டு வானியல் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். மணி அடிக்கும்போது எலும்புக்கூடு கயிற்றை இழுக்கும், மேலே சிறு ஜன்னல்களில் அப்போஸ்தலர்கள் வரிசையாகக் கடந்து போவார்கள். நான் குனிந்து தரையைப் பார்க்கச் சொல்வேன். நகர மன்றக் கட்டடத்தை ஒட்டி, கல் பாவிய தரையில் 27 வெள்ளைச் சிலுவைகள் பதிக்கப்பட்டிருக்கின்றன. ஹாப்ஸ்பர்க் பேரரசரை எதிர்த்துக் கிளர்ந்த பொஹீமியத் தலைவர்கள் 27 பேர் 1621 ஜூன் 21 அன்று அந்த இடத்தில் கொல்லப்பட்டார்கள். பொஹீமியாவின் சுதந்திரம் அதன் பிறகு 300 ஆண்டுகளுக்குத் திரும்பி வரவில்லை. அந்தச் சிலுவைகளின் மேல் நின்றுகொண்டுதான் கூட்டம் கடிகாரத்தைப் படம் எடுக்கிறது.

யோசெபோவ் என்ற யூதப் பகுதிக்கு அரை நாளாவது ஒதுக்க வேண்டும். பிங்காஸ் தொழுகைக்கூடத்தின் சுவர்களில், நாஜிகளால் கொல்லப்பட்ட செக் நாட்டு யூதர்கள் ஏறத்தாழ 80,000 பேரின் பெயர்கள் கையால் எழுதப்பட்டிருக்கின்றன. ஆனால் அந்தப் பகுதியின் பழைய சந்துகளும் வீடுகளும் இப்போது இல்லை. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கி அவற்றை இடித்துவிட்டு அகலமான தெருக்களையும் ஆடம்பரக் குடியிருப்புகளையும் கட்டிவிட்டார்கள். தொழுகைக்கூடங்களும் நெருக்கமாகக் கற்கள் சாய்ந்து கிடக்கும் பழைய கல்லறைத் தோட்டமும் எஞ்சின.

பிராக்கில் எனக்குள்ள குறை ஒன்றுதான், ஆனால் அது பெரிய குறை. பார்க்க வேண்டிய இடங்கள் எல்லாம் ஒரே கோட்டில் இருக்கின்றன: சதுக்கம், பாலம், கோட்டை. எல்லாப் பயணிகளும் அதே கோட்டில், அதே நேரத்தில் நடக்கிறார்கள். கோடைகாலத்தில் பத்து மணிக்கு மேல் சார்லஸ் பாலத்தில் ஒரு சிலையின் முன்னால் ஐந்து நிமிடம் நிற்க முடியாது. விடியற்காலையில் போனால் அதே பாலம் வேறு ஊர் போல இருக்கும் என்பது உண்மை. ஆனால் குடும்பத்தோடு போகிறவர்கள் தினமும் ஐந்து மணிக்கு எழுந்து கிளம்பப்போவதில்லை. பழைய நகரத்தின் நாணய மாற்றுக் கடைகளில் மிகுந்த கவனம் தேவை. பலகையில் ஒரு விகிதமும் ரசீதில் வேறொரு விகிதமும் இருந்த காலம் நீண்டது. 2019 முதல், மாற்றிய தொகை 1,000 யூரோ மதிப்புக்குள் இருந்தால் மூன்று மணி நேரத்துக்குள் ரசீதைக் காட்டித் திருப்பிக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. அப்படி ஒரு சட்டமே தேவைப்பட்டிருக்கிறது என்பதிலிருந்து நிலைமையைப் புரிந்துகொள்ளலாம்.

புடாபெஸ்ட்: ஆறும் வெந்நீரும்

இரவில் டான்யூப் நதியின் மேல் படகில் போகும்போது நாடாளுமன்றக் கட்டடம் பொன்னொளியில் எழுந்து நிற்பதைப் பார்த்தவர்கள், பிறகு வேறு எந்த நகரத்தின் இரவையும் அதற்கு ஒப்பிட மாட்டார்கள். காட்சிப் பிரம்மாண்டத்தில் புடாபெஸ்ட்தான் முதல். ஆனால் அந்தப் பிரம்மாண்டம் பெரும்பாலும் 19-ஆம் நூற்றாண்டுக்கு உரியது. மேட்டுக்கரை பூடாவும், பழைய ஓபூடாவும், சமவெளியான பெஸ்ட்டும் 1873-இல்தான் ஒரே நகரமாயின. ஹங்கேரியர்களின் முன்னோரான மாகியார்கள் அந்த மண்ணில் குடியேறி ஆயிரம் ஆண்டு நிறைந்ததை 1896-இல் கொண்டாடியபோது, ஐரோப்பியப் பெருநிலத்தின் முதல் மெட்ரோ அங்கே ஓடியது. இன்றும் ஓடுகிறது. மஞ்சள் நிறச் சின்னப் பெட்டிகள், சில படிகள் இறங்கியதும் வந்துவிடும் நிலையங்கள், வெள்ளை ஓடு பதித்த சுவர்கள். வரலாற்றை டிக்கெட் வாங்கி ஏறி உட்கார்ந்து அனுபவிக்கலாம்.

அதற்கு முந்தைய காலம் புடாபெஸ்ட்டில் துண்டுதுண்டாகத்தான் கிடைக்கும். 1541 முதல் 1686 வரை பூடா ஒட்டோமான் துருக்கியர் வசம் இருந்தது. அவர்கள் விட்டுச்சென்றவற்றில் ருடாஸ் போன்ற வெந்நீர்க் குளியல்கள் இன்னும் புழக்கத்தில் இருக்கின்றன. எண்கோணக் குளத்தின் மேல் குவிமாடம், அதிலுள்ள சிறு துளைகள் வழியே நீரில் விழும் வெளிச்சம். ஆனால் பூடாவை மீட்ட போரில் இடைக்கால நகரம் நொறுங்கியது. 1944, 45 முற்றுகையில் மீண்டும் நொறுங்கியது. பின்வாங்கிய ஜெர்மானியப் படை டான்யூப் பாலங்கள் அத்தனையையும் தகர்த்துவிட்டுப் போனது. இன்று நாம் காணும் சங்கிலிப் பாலமும் அரண்மனையும் திரும்பக் கட்டியவை. அதைக் குறையாகச் சொல்லவில்லை. மீண்டும் கட்டியெழுப்பிய பிடிவாதமும் வரலாறுதான். ஆனால் பழைய கல்லைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று போகிறவர்களுக்கு அது ஏமாற்றமாக இருக்கலாம்.

நாடாளுமன்றத்துக்குச் சற்றுத் தள்ளி ஆற்றின் விளிம்பில் இரும்பில் வார்த்த 60 ஜோடிக் காலணிகள் இருக்கின்றன. நாஜிகளோடு சேர்ந்த ஹங்கேரியக் கட்சியான அம்புச் சிலுவைக் கட்சியின் ஆயுதக் கும்பல், யூதர்களைக் கரையில் நிறுத்திக் காலணிகளைக் கழற்றச் சொல்லிச் சுட்டு ஆற்றில் தள்ளிய இடம் அது. அங்கே போகாமல் படகுப் பயணம் மட்டும் செய்துவிட்டு வருவது எனக்கு ஒப்புதல் இல்லை.

கிராக்கோவ்: உப்பிலிருந்து தொடங்குங்கள்

இனி நான் பரிந்துரைக்கும் ஊர். கிராக்கோவுக்குப் போகிறவர்கள் முதலில் சந்தைச் சதுக்கத்துக்கு ஓடுவார்கள். முடிந்தால் வியெலிச்கா உப்புச் சுரங்கத்துக்கு முதலில் போங்கள் என்பேன். நகரத்திலிருந்து உள்ளூர் ரயிலில் அரை மணிக்குள் போய்விடலாம். 13-ஆம் நூற்றாண்டில் தோண்டத் தொடங்கி 1996 வரை உப்பு எடுத்த சுரங்கம் அது. மரப்படிகளில் சுற்றிச் சுற்றி இறங்கினால், சுமார் 100 மீட்டர் ஆழத்தில் புனித கிங்கா ஆலயம். சுவர், பீடம், சிலைகள், சரவிளக்குகளில் தொங்கும் படிகங்கள், ஓடு பதித்ததுபோல் செதுக்கிய தரை, எல்லாமே உப்பு. சிற்பக் கல்லூரியில் படித்தவர்கள் அல்லர், சுரங்கத் தொழிலாளர்கள் தலைமுறை தலைமுறையாகச் செதுக்கியது. உப்புப் பாறை என்றதும் வெண்மையாக இருக்கும் என்று நினைப்போம். அது சாம்பல் நிறம், மெருகிடாத கருங்கல் போன்ற தோற்றம். விளக்கைப் பின்னால் வைத்தால்தான் உள்ளே ஒளி ஊடுருவுவது தெரியும்.

இதை ஏன் முதலில் பார்க்க வேண்டும்? இடைக்காலத்தில் உப்புதான் இறைச்சியையும் மீனையும் குளிர்காலம் முழுவதும் காத்தது, அதற்குப் பெரும் மதிப்பு இருந்தது. போலந்து அரசர்களின் வருமானத்தில் பெரும் பங்கு இந்தச் சுரங்கத்திலிருந்து வந்தது. மூன்றாம் கசிமிர் மன்னர் 1364-இல் கிராக்கோவில் பல்கலைக்கழகம் நிறுவியபோது பேராசிரியர்களின் சம்பளத்துக்கு ஒதுக்கியதும் இந்த உப்பு வருமானத்தைத்தான். மேலே ஏறி ஊருக்குத் திரும்பியதும் பல்கலைக்கழகத்தின் பழைய கட்டடமான கொலேஜியம் மாயுஸின் செங்கல் முற்றத்தில் போய் நில்லுங்கள். கோப்பர்நிக்கஸ் 1491-இல் மாணவராகச் சேர்ந்த பல்கலைக்கழகம் இது. சாம்பல் நிற உப்பு எப்படி வானியலாக மாறியது என்பதை அன்றைக்கே ஒரே பிற்பகலில் பார்த்துவிடுகிறோம்.

அங்கிருந்து சில நிமிட நடையில் பல்கலைக்கழகத்தின் புதிய கட்டடம் வரும். 1939 நவம்பர் 6 அன்று, ஒரு சொற்பொழிவு இருக்கிறது என்று சொல்லிப் பேராசிரியர்களை அங்கே வரவழைத்த ஜெர்மானியப் படையினர், கூடியிருந்த 180-க்கும் மேற்பட்டவர்களைக் கைது செய்து சாக்ஸன்ஹவுசன் வதைமுகாமுக்கு அனுப்பினார்கள். பலர் திரும்பவில்லை. ஆறு நூற்றாண்டு தூரத்தை இப்படிச் சில நிமிடங்களில் கடக்க வைக்கும் ஊர் இது.

சந்தைச் சதுக்கத்தை எல்லாரும் புகழ்கிறார்கள், புகழ் தகும். 1241-இல் மங்கோலியர் படையெடுப்பில் ஊர் எரிந்தது. 1257-இல் புதிய நகர உரிமை கொடுத்து, நூல் பிடித்தாற்போல் தெருக்களை வகுத்து, நடுவில் பக்கத்துக்கு 200 மீட்டர் அளவில் ஒரு சதுரத்தைத் திறந்து விட்டார்கள். அந்த வரைபடம்தான் இன்றும் இருக்கிறது. சதுக்கத்தின் நடுவே துணி வணிகர்களின் மண்டபம். தரைக்கு அடியில் அகழாய்வில் வெளிப்பட்ட பழைய சந்தையும் பாதைகளும் இப்போது அருங்காட்சியகம். பழைய கோட்டைச் சுவர்களை 19-ஆம் நூற்றாண்டில் பெரும்பாலும் இடித்துவிட்டு, அந்த இடத்தில் ஊரைச் சுற்றி மரங்கள் அடர்ந்த பூங்கா அமைத்தார்கள். பிளான்ட்டி என்று பெயர். கால் வலித்தால் எந்தத் தெருவிலிருந்து திரும்பினாலும் நிழலும் பெஞ்சும் கிடைக்கும். வயதானவர்களோடு போகிறவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

சதுக்கத்தின் மூலையில் புனித மரியாள் ஆலயம், உயரம் ஒத்துப்போகாத இரண்டு கோபுரங்களோடு. ஒவ்வொரு மணிக்கும் உயரமான கோபுரத்திலிருந்து ஒருவர் எக்காளம் ஊதுகிறார், நான்கு திசைக்கும் நான்கு முறை, இரவிலும் உண்டு. ஊதுபவர்கள் தீயணைப்புப் படை வீரர்கள். ராகம் பாதியில் சட்டென்று நின்றுவிடும். தாத்தாரியர் என்று அழைக்கப்பட்ட மங்கோலியர் படை வருவதைக் கண்டு எச்சரிக்கை ஊதியவரின் தொண்டையில் அம்பு பாய்ந்தது, அதன் நினைவாகத்தான் அந்த இடத்தில் நிறுத்துகிறார்கள் என்பது கதை. கதை உண்மையோ இல்லையோ, ஊதி முடித்தவர் சிறு ஜன்னல் வழியே கை அசைப்பதும் கீழே நிற்பவர்கள் பதிலுக்கு அசைப்பதும் தினமும் நடக்கிறது.

அந்த ஆலயத்துக்குள் போகாமல் திரும்பிவிடாதீர்கள். என்னைக் கேட்டால் இந்த மூன்று நகரங்களிலும் மனிதக் கை செய்த மிகச் சிறந்த பொருள் அங்கேதான் இருக்கிறது. நியூரம்பெர்க்கிலிருந்து வந்த ஃபைட் ஷ்டோஸ் என்ற சிற்பி 1477 முதல் 1489 வரை செதுக்கிய மரப் பீடம். உயரம் ஏறத்தாழ 13 மீட்டர். நடுவில் மரியாளின் இறுதித் தருணம். அவள் முழங்கால் மடங்கிச் சரிகிறாள், சுற்றிலும் ஆள் உயரத்தை விடப் பெரிய அப்போஸ்தலர்கள். அருகில் போய் அவர்களின் கைகளைப் பாருங்கள். புறங்கையில் நரம்பு புடைத்திருக்கிறது, விரல் மூட்டுகள் உழைத்து வீங்கியிருக்கின்றன, கன்னத்துத் தோல் தளர்ந்திருக்கிறது. சந்தையில் நடமாடிய மனிதர்களைப் பார்த்துச் செதுக்கியிருக்கிறார். லிண்டன் மரம் என்பதை மனம் நம்ப மறுக்கிறது. போர் தொடங்கும் வேளையில் போலந்துக்காரர்கள் இதைப் பிரித்து மறைத்து வைத்தார்கள். நாஜிகள் கண்டுபிடித்து நியூரம்பெர்க்குக்குக் கொண்டுபோனார்கள். 1946-இல்தான் திரும்பி வந்தது. பீடத்தின் கதவுகளை நண்பகலுக்கு முன் சடங்காகத் திறப்பது வழக்கம்; அந்த நேரத்தை அன்று காலையிலேயே டிக்கெட் கொடுக்கும் இடத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

அதேபோலக் கொள்ளைபோய் 1946-இல் திரும்பிய இன்னொன்று லியோனார்டோ டா வின்சி வரைந்த, கீரி போன்ற சிறுவிலங்கைக் கையில் ஏந்திய பெண்ணின் ஓவியம். சார்ட்டோரிஸ்கி அருங்காட்சியகத்தில் ஓர் இருண்ட அறையில் தனியாக இருக்கிறது. பாரிஸில் மோனாலிசாவைத் தலைகளுக்கு இடையே எட்டிப் பார்த்தவர்கள், இங்கே அந்தப் பெண்ணின் விரல்கள் விலங்கின் கழுத்தை வருடுவதை நின்று நிதானமாகப் பார்க்கலாம்.

தெற்கே ராஜபாட்டையில் நடந்தால் விஸ்துலா ஆற்றின் மேல் வாவெல் குன்று. அரசர்கள் முடிசூடியதும் அடக்கமானதும் அங்குள்ள பேராலயத்தில்தான். 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அரசவை வார்சாவுக்குப் போய்விட்டது. கிராக்கோவுக்கு அது அன்று இழப்பு, ஆனால் அதனால்தான் ஊர் அடுத்தடுத்த அரசர்களின் கட்டுமான ஆசைகளிலிருந்து தப்பியது. 1939-க்குப் பின் நாஜி ஆளுநர் ஹான்ஸ் ஃபிராங்க் வாவெலைத் தன் இருப்பிடமாக்கிக்கொண்டார். வார்சா தரைமட்டமானபோது கிராக்கோவ் ஏறத்தாழ முழுசாக நின்றது. கட்டடங்கள் பிழைத்தன, மக்கள் பிழைக்கவில்லை. இந்த ஊரைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் இந்த இடத்தில்தான் என் மனம் தடைப்பட்டு நிற்கும்.

ஏனென்றால் வாவெலுக்கு அப்பால் கசிமியெஷ் இருக்கிறது. கசிமிர் மன்னர் 1335-இல் தனி நகரமாக நிறுவியது, பின்னர் நூற்றாண்டுகளாக யூதர்களின் ஊர். போருக்கு முன் கிராக்கோவின் மக்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் யூதர். பிராக்கில் இடிக்கப்பட்ட யூதத் தெருக்கள் இங்கே அப்படியே இருக்கின்றன. கதவு நிலைகளில் வேத வாசகத் தாள் பொருத்தியிருந்த தழும்புகூடச் சில வீடுகளில் தெரிகிறது. ரெமு தொழுகைக்கூடத்தின் கல்லறைத் தோட்டத்தில் ஒரு சுவர் முழுவதும் நாஜிகள் உடைத்த கல்லறைக் கற்களின் துண்டுகளால் கட்டியது. ஆற்றைக் கடந்தால் பொட்குஜே. 1941 மார்ச்சில் யூதர்களை அங்கே சுவர் எழுப்பி அடைத்தார்கள். 1943 மார்ச்சில் அந்த அடைப்புப் பகுதியைக் காலிசெய்து, தெருவிலேயே பலரைக் கொன்று, மற்றவர்களை முகாம்களுக்கு ஓட்டினார்கள். அவர்களைக் கூட்டி நிறுத்திய சதுக்கத்தில் இப்போது வெறும் உலோக நாற்காலிகள் இருக்கின்றன. அதே சதுக்கத்தின் ஓரத்தில் ததேயுஷ் பான்கியேவிச்சின் மருந்துக் கடை. சுவருக்குள்ளேயே இருந்து கடையை நடத்தி, மருந்தும் செய்தியும் மறைவிடமும் கொடுத்த யூதரல்லாத மருந்தாளர் அவர். தன்னிடம் வேலை செய்த யூதர்களைக் காப்பாற்றிய ஜெர்மானியத் தொழிலதிபர் ஷிண்ட்லரின் தொழிற்சாலையில் 2010 முதல் ஓர் அருங்காட்சியகம் இயங்குகிறது. தொழிற்சாலைக்கு எல்லாரும் போகிறார்கள். மருந்துக் கடைக்கும் போங்கள், ஒரு மணி நேரம் போதும்.

பிறகு நாஜிகளின் கொலைமுகாமான ஆஷ்விட்ஸ். கிராக்கோவிலிருந்து சுமார் 70 கிலோமீட்டர். ஏறத்தாழ 11 லட்சம் பேர் கொல்லப்பட்ட இடம், அவர்களில் மிகப் பெரும்பாலோர் யூதர்கள். ஆஷ்விட்ஸும் உப்புச் சுரங்கமும் ஒரே நாளில் என்று விற்கும் சுற்றுலாத் திட்டங்கள் நிறைய உண்டு. தயவுசெய்து அவற்றை வாங்காதீர்கள். மனிதத் தலைமுடி மலையாகக் குவிந்த கண்ணாடிப் பெட்டியின் முன் நின்றுவிட்டு, மூன்று மணி நேரத்தில் உப்புச் சரவிளக்கின் கீழ் படம் எடுத்துக்கொள்வது அங்கே இறந்தவர்களுக்கும் நியாயமல்ல, உங்களுக்கும் நியாயமல்ல. முழு நாளை ஒதுக்குங்கள், அன்று மாலை வேறெதுவும் வைக்காதீர்கள். 14 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை அழைத்து வர வேண்டாம் என்று அந்த நினைவிடமே கேட்டுக்கொள்கிறது. சின்னப் பிள்ளைகள் இருந்தால் பெற்றோரில் ஒருவர் அன்று ஊரில் தங்கிவிடலாம். வாவெல் குன்றின் அடிவாரத்தில் நெருப்புக் கக்கும் உலோக டிராகன் சிலை ஒன்று போதும், பிள்ளைகளுக்குப் பொழுது போய்விடும்.

சாப்பாடு, பணம், பருவம்

சைவ உணவுக்காரர்கள் மூன்று ஊரிலும் பட்டினி கிடக்க மாட்டார்கள். பிராக்கில் ரொட்டித் தூளில் புரட்டிப் பொரித்த பாலாடைக்கட்டி, புடாபெஸ்ட்டில் லாங்கோஷ் என்ற பொரித்த ரொட்டி. ஆனால் ஹங்கேரியச் சமையலில் பன்றிக் கொழுப்பு எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம், எதில் பொரித்தது என்று கேட்டுக்கொள்ள வேண்டும். கிராக்கோவில் பியெரோகி, நம் சோமாசி வடிவில் மைதாவில் மடித்து வேகவைத்தது. ‘ருஸ்கியே’ என்று கேட்டால் உள்ளே உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும். ஒரு எச்சரிக்கை: மேலே வறுத்த பன்றிக் கொழுப்புத் துணுக்குகளைத் தூவித் தருவது வழக்கம். சொல்லும்போதே ‘பெஸ் ஸ்க்வாரெக்’ என்று சேர்த்துச் சொல்லிவிடுங்கள், அவை இல்லாமல் வரும். ‘பால் கடை’ என்ற பொருளுடைய பார் மிலெச்னி என்னும் எளிய உணவகங்கள் கம்யூனிச ஆட்சிக் காலத்தில் பெருகியவை. இன்றும் விலை குறைவு, கூட்டம் முழுக்க மாணவர்களும் முதியவர்களும். தெருமுனை வண்டிகளில் எள்ளோ கசகசாவோ தூவிய முறுக்கிய வளைய ரொட்டி விற்பார்கள். காலையில் வாங்குங்கள், மாலைக்குள் விறைத்துவிடும்.

செலவில் கிராக்கோவ்தான் பொதுவாகக் கைக்கு அடக்கம். பிராக்கின் மையப் பகுதியில் அறை வாடகை மேற்கு ஐரோப்பாவை எட்டிக்கொண்டிருக்கிறது.

கிராக்கோவின் குறைகளையும் சொல்லியாக வேண்டும். மெட்ரோ இல்லை, டிராமும் கால்களும்தான். விஸ்துலா நல்ல ஆறு, ஆனால் டான்யூபின் முன் நிற்காது. வார இறுதி இரவுகளில் மலிவு விமானத்தில் குடிக்க வரும் கும்பல்களால் சதுக்கத்தைச் சுற்றிச் சத்தம். குளிர்காலம் எல்லாவற்றையும்விடப் பெரிய பிரச்சினை. ஊர் பள்ளத்தாக்கில் இருப்பதால் புகை தேங்குகிறது. 2019 செப்டம்பர் முதல் வீடுகளில் நிலக்கரியும் விறகும் எரிக்கத் தடை விதித்த பிறகு நிலைமை தேறியிருக்கிறது. ஆனாலும் சுற்றுவட்டாரப் புகை வந்துகொண்டுதான் இருக்கிறது. ஆஸ்துமா உள்ளவர்கள் நவம்பர் முதல் பிப்ரவரி வரை தவிர்க்கலாம். டிசம்பரில் மாலை நான்கு மணிக்கு முன்பே இருட்டிவிடும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். மே, ஜூன், செப்டம்பர் மூன்றும் நல்ல மாதங்கள்.

யார் வேறு ஊருக்குப் போகலாம்

மூட்டு வலியுள்ள பெற்றோரோடு போகிறவர்களுக்கு நான் புடாபெஸ்ட்டையே சொல்வேன். பெஸ்ட் பக்கம் சமதளம், டான்யூப் கரை நெடுக ஓடும் இரண்டாம் எண் டிராமில் உட்கார்ந்தபடியே பாதி நகரத்தைப் பார்த்துவிடலாம், செச்செனி குளியலின் வெளிக்குளத்தில் பனி பெய்யும்போதும் வெந்நீர். என் அம்மா அந்தக் குளத்திலிருந்து வெளியே வர மறுத்தார். மாறாக வியெலிச்காவில் மொத்தம் 800 படிகளுக்கு மேல் உண்டு; மேலே வர லிஃப்ட் இருந்தாலும் இறங்குவது கால்களால்தான். கட்டடக் கலையில் ஆழ்ந்த ஆர்வம் இருந்தால், கோதிக்கிலிருந்து 20-ஆம் நூற்றாண்டின் கியூபிசம் வரை ஒரே ஊரில் பார்க்க, பிராக். புதுமணத் தம்பதிகளுக்கும் பிராக் அல்லது புடாபெஸ்ட். ஆஷ்விட்ஸை அருகில் வைத்துக்கொண்டு தேனிலவு கொண்டாடச் சொல்ல எனக்கு மனம் வராது.

ஒரே வாரத்தில் மூன்றையும் கோத்துவிடலாம் என்று திட்டம் போடுகிறவர்கள் உண்டு. பிராக்கிலிருந்து புடாபெஸ்ட்டுக்கு ரயிலில் ஏறத்தாழ ஏழு மணி நேரம், கிராக்கோவிலிருந்து பிராக்குக்கும் அவ்வளவு ஆகும். பகல் முழுவதும் ஜன்னல் ஓரத்தில் போய்விடும். வேண்டாம்.

கிராக்கோவ் என்று முடிவு செய்துவிட்டால், வேலையை ஆஷ்விட்ஸிலிருந்து தொடங்குங்கள். நுழைவு நேரங்கள் வாரக்கணக்கில் முன்கூட்டியே தீர்ந்துவிடுகின்றன. நினைவிடத்தின் சொந்த இணையதளத்தில் வழிகாட்டியோடு கூடிய நேரத்தைப் பதிவு செய்து, அதைச் சுற்றி மற்ற நாட்களை அமைத்துக்கொள்ளுங்கள். அடுத்தது உப்புச் சுரங்கம், அதன் பிறகு ஷிண்ட்லர் தொழிற்சாலை, இரண்டுக்கும் முன்பதிவு நல்லது. தங்குவதற்குச் சந்தைச் சதுக்கத்தை ஒட்டிய அறைகளைத் தவிர்த்து, கசிமியெஷின் தென்பகுதியிலோ ஆற்றுக்கு அப்பால் பொட்குஜேயிலோ பாருங்கள். இரண்டையும் இணைக்கும் நடைபாலம் இருக்கிறது, டிராமும் அருகிலேயே நிற்கும், வாடகையும் குறையும்.